மாடலில் காயல்பட்டினம் மழை கடலிலேயே கொட்டிவிடுகிறது, உதவுங்கள்

2023 டிசம்பர் 17-18 மழையை டபிள்யூஆர்எஃப் என்ற வானிலைக் கணிப்பு மாடலில் ஓட்டிப் பார்க்கிறேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது, மாடலில் கால்வாசிகூட வரவில்லை. மழைத்திரள் கரை சேராமல் மன்னார் வளைகுடாவிலேயே தீர்ந்துபோகிறது.

தொடக்கத் தரவு இஆர்ஏ5 (கடந்தகால வானிலையை மீளக் கணித்த உலகளாவிய தரவுத்தொகுப்பு). கணக்கீட்டு வலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, 9, 3 கி.மீ. இடைவெளியில்; வலைக்கட்டத்தைவிடச் சிறிய மழைமேகங்களைத் தோராயமாகக் கணக்கிடும் கியூமுலஸ் திட்டம் வெளிவலையில் மட்டும். தொடக்கம் 16ஆம் தேதி 00 யுடிசி (இந்திய நேரம் காலை 5.30); ஒருநாள் முன்னதாகத் தொடங்கியும் பார்த்துவிட்டேன். மேகத்துக்குள் மழைத்துளி, பனித்துகள் உருவாவதைக் கணக்கிடும் மைக்ரோபிசிக்ஸில் முதலில் டபிள்யூஎஸ்எம்6 திட்டம், அப்புறம் தாம்சன் திட்டம். அளவு கொஞ்சம் மாறியது, இடம் நகரவே இல்லை.

இத்தனைக்கும் கிழக்கிலிருந்து வரும் ஈரப்பதத்தில் குறையில்லை. மொத்த நீராவி இஆர்ஏ5-ஓடு நன்றாகவே பொருந்துகிறது. 850 ஹெக்டோபாஸ்கலில் (சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில்) காற்று குவியும் இடம்தான் கடல்பக்கம் தள்ளி விழுகிறது. இது சரியாகாமல் அந்தக் கரையோர ஊர்களுக்கு முன்னெச்சரிக்கை என்று எதையும் சொல்ல முடியாது.

அந்தக் குவிவைக் கரைக்குக் கொண்டுவர அடுத்து எதை மாற்றுவது: தரையை ஒட்டிய காற்றடுக்கின் கலப்பைக் கணக்கிடும் எல்லைப்படலத் திட்டத்தையா, கடல்பரப்பு வெப்பநிலையையா?