குறைமாதக் குழந்தைக்குக் கண் படம் எடுத்த அனுபவம்

என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள், எடை 1,400 கிராம். கொஞ்ச நாள் ஆக்ஸிஜனில் இருந்துவிட்டு டிஸ்சார்ஜ் ஆனபோது டாக்டர் சீட்டில் ஒரு தேதியைச் சுழித்து, "ஆர்.ஓ.பி. பார்க்கணும்மா, தள்ளிப் போடாதீங்க" என்றார். ஆர்.ஓ.பி. என்றால் குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கிற விழித்திரையில் வரும் நோய்.

தண்டையார்பேட்டை வீட்டில் அத்தைக்கு மனசே வரவில்லை. "முப்பது கழியாத புள்ளைய வெளியே தூக்கிட்டுப் போவியா? கண்ண முழிச்சி நல்லாதானே பாக்குது?" பாசத்தில் சொன்னதுதான். ஆனால் இது வெளியே தெரிகிற நோயே இல்லை. விழித்திரையில் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு வளர்ந்து முடிய கர்ப்பத்தின் ஏறக்குறைய 40 வாரம் ஆகும், முன்னாடியே பிறந்துவிட்டால் அது பாதியில் நின்று, அப்புறம் சில குழந்தைகளுக்குத் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். அதனால்தான் நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை என்கிறார்கள், 28 வாரத்துக்கும் முன்னால் என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. இந்த 30 நாள் பிறந்த தேதியிலிருந்து, டிஸ்சார்ஜிலிருந்து இல்லை.

பேசின் பிரிட்ஜ் நெரிசலில் ஆட்டோ நகரவே இல்லை, எனக்குப் பதற்றம். போனதும் கண்பாப்பா (கண்ணின் நடுக் கருவட்டம்) விரிய சொட்டு மருந்து, சிறிது இடைவெளி விட்டு மறுபடியும். வாந்தி எடுக்காமல் இருக்க பரிசோதனை முடியும்வரை பால் கொடுக்க வேண்டாம் என்றார்கள். துணியில் இறுக்கிச் சுற்றி, மரத்துப்போகும் மருந்து விட்டு, இமையைச் சின்னக் கம்பி கிளிப்பால் திறந்து, ஜெல் தடவிய கேமரா முனையைக் கண்மேலேயே வைத்தார்கள். வீறிட்டு அழுதாள், பெற்ற வயிறு தாங்கவில்லை. ஆனால் ஒரு கண்ணுக்குச் சில நிமிடம்தான். திரையில் செக்கச்செவேலென்று வட்டம், மெல்லிய நரம்பு மாதிரி கோடுகள், ஓரத்துக்கு முன்னால் வெள்ளையாக ஒரு வரப்பு. "ரெண்டாவது நிலைம்மா, இப்போ சிகிச்சை வேண்டாம், அடுத்த வாரம் வாங்க" என்றார் டாக்டர். படம் பதிவாகியிருப்பதால் அடுத்தமுறை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அந்த வரப்பு மங்கியிருந்ததை நானே பார்த்தேன்.

எண்ணூரிலிருந்து வந்திருந்த ஒரு தங்கச்சியின் குழந்தைக்கு முற்றியிருந்தது, மறுநாளே லேசர் செய்தார்கள். அந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டுமாம். பக்கத்தில் குறைமாதக் குழந்தை இருந்தால் கண் காட்டியாச்சா என்று தயவுசெய்து கேளுங்கள்.

என் மகளுக்கு இப்போது ரத்தக்குழாய்கள் ஓரம்வரை வந்துவிட்டன. கிட்டப்பார்வை, மாறுகண் வருகிறதா என்று பார்க்க ஒரு வயதில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.