லிஃப்ட் சத்தம் கேட்டாலே குரைக்கிறான், எப்படி அடக்குவது?

மணி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு கலப்பின நாய் இருக்கிறான். இரண்டு வயது. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எதிலும் குறை கிடையாது. வீட்டு ஆட்கள் மேல் அத்தனை பாசம். குரைப்பை மட்டும் எங்களால் சமாளிக்கவே முடியவில்லை.

அடுக்குமாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதும், எங்கே படுத்திருந்தாலும் வாசலுக்குப் பாய்ந்துவிடுவான். பால்கனியிலிருந்து கீழே பார்சல் கொண்டுவருபவர் தெரிந்தால் குரைப்பு, பைக் போனால் குரைப்பு, இன்னொரு நாய் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். யாராவது வீட்டுக்கு வந்தால், அவர்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்த பிறகும் ஓய மாட்டான். "மணி, சும்மா இரு" என்று அதட்டினால் சத்தம் இன்னும் கூடுகிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகும் குரைக்கிறானாம்.

எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "பாப்பா இப்பதான் தூங்கினா அக்கா" என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. குடியிருப்போர் சங்கத்தில் "யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். அவனை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

வாசகர்:

குரைத்தால் லேசாக ஷாக் அடிக்கிற கழுத்துப்பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது. நண்பர் வீட்டில் போட்டார்கள், சத்தம் குறைந்துவிட்டது. வாங்கிப் பாருங்கள்.

பயிற்சியாளர்:

சகோதரி, அந்தப் பட்டையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பல வருடங்களாக நாய்ப் பயிற்சியில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் 2010ஆம் ஆண்டிலேயே இதைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். சத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வலிக்கிற நேரத்தில் எதிரே யார் இருக்கிறார்களோ, அவரால்தான் வலிக்கிறது என்று நாய் எடுத்துக்கொள்ளும். நாளைக்கு எதிர்வீட்டுக் குழந்தை தவழ்ந்து வெளியே வரும்போது இவன் குரைத்து, அந்த நேரம் பார்த்து ஷாக் அடித்தால் என்ன ஆகும்? குரைப்பு ஒரு எச்சரிக்கை. எச்சரித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொண்ட நாய் எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

உங்கள் பதிவைப் படித்தால் மணிக்கு ஒரே ஒரு குரைப்பு இருப்பதாகத் தெரியவில்லை. லிஃப்டுக்கும் பால்கனிக்கும் குரைப்பது ஒன்று, விருந்தாளி உட்கார்ந்த பிறகும் ஓயாதது இன்னொன்று, நீங்கள் இல்லாதபோது குரைப்பது வேறொன்றாக இருக்கலாம். ஹங்கேரியில் நாய்களின் நடத்தையை ஆராயும் பீட்டர் பொங்ராட்ஸ் குழுவினர் வெவ்வேறு சூழ்நிலைகளில் பதிவு செய்த குரைப்புகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டி, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நாயே வளர்க்காதவர்கள்கூட, இது அந்நியரைக் கண்ட குரைப்பு, இது தனியாக விட்டதால் வந்த குரைப்பு என்று ஓரளவு சரியாகவே பிரித்துச் சொன்னார்கள். உங்களுக்கும் காது பழகிவிடும். எதற்குக் குரைக்கிறான் என்று பிரிக்காமல் வைத்தியம் தொடங்காதீர்கள்.

முதலில் பால்கனி. அவன் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆள் வருகிறார், இவன் குரைக்கிறான், ஆள் போய்விடுகிறார். பார்சல்காரர் தன் வேலையை முடித்துக்கொண்டு போனது மணிக்கு எப்படித் தெரியும்? தான் விரட்டியதால்தான் போனார் என்றே நினைப்பான். தினமும் ஜெயிக்கிற ஆட்டத்தை எந்த நாயும் விடாது. அதனால் பார்வையை மறையுங்கள். கண்ணாடியில் அவன் தலை உயரத்துக்கு வெளியே தெரியாத ஷீட் ஒட்டுங்கள், வீட்டில் ஆள் இல்லாதபோது பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள். பயிற்சி எதுவும் இல்லாமலே குரைப்பில் ஒரு பகுதி இதனாலேயே குறையும்.

அதட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். அவன் பதறிக் கத்தும்போது நீங்களும் சத்தம் போட்டால், வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து குரைக்கிறார்கள், அப்படியானால் ஆபத்து நிஜம்தான் என்றுதான் அவனுக்குப் படும்.

இனி லிஃப்ட். குரைப்புக்கு ஒரு நொடி முன்னால் மணியின் முகத்தைப் பாருங்கள். இரைத்துக்கொண்டிருந்த வாய் பட்டென்று மூடும். காது முன்னால் விறைக்கும், உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு வரும். வாயைத் திறக்காமலே உள்ளுக்குள் 'உஃப்' என்று ஒரு சின்ன மூச்சு விடுவான். உங்களுக்குக் கிடைக்கிற நேரம் அந்த ஒரு நொடிதான். லிஃப்ட் சத்தம் கேட்டதும், குரைப்பு வெளியே வருவதற்குள், சாந்தமாக "சரி மணி" என்று சொல்லி அவனுக்கு ரொம்பப் பிடித்த தீனியை வாசலுக்கு எதிர்ப்பக்கம் தரையில் தூவுங்கள். துண்டுகள் சின்னச் சின்னதாக இருக்கட்டும். தலையைக் குனிந்து மோப்பம் பிடித்துத் தேடுகிற நாய் குரைப்பதில்லை. விடாமல் செய்தால் லிஃப்ட் சத்தம் கேட்டவுடன் வாசலுக்கு ஓடாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அன்றைக்கு வேலை பாதி முடிந்தது.

காலிங் பெல்லுக்கும் இதே முறைதான். பெல் சத்தத்தை போனில் பதிவு செய்து, அவன் காதை மட்டும் அசைக்கிற அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துப் போடுங்கள், உடனே தீனி. சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு படி கூட்டுங்கள். குரைத்துவிட்டால் அவசரப்பட்டுக் கூட்டிவிட்டோம் என்று அர்த்தம், பழைய படிக்கே இறங்குங்கள்.

விருந்தாளி வந்த பிறகு ஓயாதது, 'என்னைக் கவனி' என்கிற குரைப்பா, பயமா என்று பாருங்கள். வாலாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக் குரைத்தால் கவனத்துக்காக. அப்போது யாரும் அவனைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, பேசக் கூடாது. சத்தம் நின்ற மறுகணம் கொஞ்சுங்கள். முதலில் குரைப்பு இன்னும் கூடும், அந்தக் கட்டத்தில் மனம் இளகிக் கவனித்துவிட்டால், உரக்கக் குரைத்தால்தான் வேலை நடக்கும் என்று பதிந்துவிடும். ஆனால் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வாலை ஒடுக்கிக் குரைத்தால் அது பயம். பயந்தவனைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள், உள் அறையில் நிம்மதியாக இருக்க விடுங்கள்.

தனியாக இருக்கும்போது குரைப்பதைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. பழைய போனை வீடியோவில் வைத்துவிட்டுப் போய், முதல் அரை மணி நேரத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மணி அம்மா:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. வீடியோ எடுத்தேன். கதவைச் சாத்திய உடனே வாசலுக்கும் சோபாவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறான். கதவைப் பிறாண்டுகிறான், எச்சில் வழிகிறது. ஆசையாகச் சாப்பிடும் தீனியைத் தொடக்கூட இல்லை. பிறகு தலையைத் தூக்கி ஊளையிடுகிறான். பார்த்துவிட்டு அழுதுவிட்டேன்.

பயிற்சியாளர்:

இது அடம் இல்லை சகோதரி, பிரிவுப் பதற்றம். எச்சில் வழிவதும் பிடித்த தீனியைத் தொடாததும் அதைத்தான் காட்டுகின்றன. கூண்டில் அடைத்தால் மோசமாகும், பல்லும் நகமும் உடைய முட்டிமோதும் நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். இதற்கு மருந்து உண்டு. க்ளோமிப்ரமின் 1998லும் ஃப்ளுவாக்ஸெடின் 2007லும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டவை. தூங்கவைப்பதற்கான மருந்துகள் இல்லை, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பயிற்சியும் சேர்ந்து நடக்க வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பயிற்சி என்பது, அவன் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வருவது. சாவியை எடுத்துவிட்டு உட்காருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். வெளியே சில நொடிகள், பிறகு ஒரு நிமிடம் என்று ஏற்றுங்கள். இது நடக்கிற காலத்தில் முடிந்தவரை அவனைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் இருக்க முடியுமா, தெரிந்தவர் வீட்டில் விட முடியுமா என்று பாருங்கள். இதுதான் எல்லோருக்கும் கஷ்டமான பகுதி, ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

மூத்த நாய் வளர்ப்பவர்:

இன்னொன்றும் சொல்லட்டுமா? மருத்துவரிடம் போகும்போது காது, பல், மூட்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருந்தாலும் நாய் எரிச்சலில் அதிகம் குரைக்கும். எங்கள் வீட்டுக் கிழவி நடுராத்திரியில் சுவரைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தாள். வயதான நாய்களுக்கு வரும் மறதி நோய் என்றார் டாக்டர். இரவில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, படுக்கையை எங்கள் கட்டில் பக்கம் மாற்றிய பிறகு நன்றாகவே குறைந்தது. மணி சின்னப் பையன்தான், ஆனாலும் உடம்பைப் பார்த்துவிடுவது நல்லது.

மணி அம்மா:

டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். பால்கனிக்கு ஷீட்டும் ஒட்டியாகிவிட்டது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் என்ன செய்கிறோம் என்று சொன்னேன், பாப்பா தூங்கும் நேரத்தை எழுதியே கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. லிஃப்டுக்கு அவன் குரைக்கத் தொடங்கிய பிறகு என் கணவர் தீனி கொடுக்கிறார். அது குரைத்ததற்குப் பரிசு ஆகிவிடாதா?

பயிற்சியாளர்:

பதற்றத்தில் குரைப்பவனுக்குத் தீனி கொடுத்தால் பதற்றம் வளராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் குரைப்பு உச்சத்துக்குப் போன பிறகு வாயில் வாங்கவே மாட்டான், வாங்கினாலும் எதற்கு என்று புரியாது. குரைத்துவிட்டால் கையில் ஒன்றை மூக்கருகே காட்டி வாசலை விட்டுத் தள்ளிக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், மூச்சு சீரானதும் கொடுக்கட்டும். அடுத்த தடவை லிஃப்ட் சத்தத்துக்கு முந்திக்கொள்ள, வாசலருகே அவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு டப்பாவில் தீனி போட்டு வையுங்கள். சமையலறைக்கு ஓடி எடுத்துவருவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும்.