குளத்தில் இறால், சிங்கிறால் வளர்த்தவர்கள்: இன்னும் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

வான்கரை:
கிளிநொச்சி இரணைமடுக் குளம் நிரம்பி, மிகைநீர் போகிற வான்கதவு திறந்ததற்கு அடுத்த நாள். கீழே கல்லிடுக்கில் கைவிட்டால் ஒரு பெட்டை நன்னீர் இறால், வயிற்றுக்குக் கீழே முழுக்கத் தோடம்பழ நிறத்தில் முட்டை. கறிக்குப் போட மனம் வரவில்லை. வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் விட்டு அதற்குள் போட்டேன். பத்துப் பதினைந்து நாளில் முட்டை சாம்பல் நிறமானது, அப்புறம் ஒரு விடியற்காலை டோர்ச் அடித்துப் பார்த்தால் தொட்டி முழுக்கத் தூசி மாதிரிக் குஞ்சுகள், எல்லாம் தலைகீழாக நீந்துகின்றன. மனிசியை எழுப்பிக் காட்டினேன், வரப்போகிற காசுக்குக் கணக்கும் போட்டாயிற்று. அவித்த மஞ்சள்கரு கரைத்து ஊற்றினேன், தண்ணீர் மாற்றினேன். ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. அந்தத் தொட்டியை இன்னும் கழுவவில்லை.

துருசடி:
அண்ணை, மஞ்சள்கருவில் பிழை இல்லை, தண்ணீரில்தான். அந்த இறால் வான் தாண்டி வந்ததே கனகராயன் ஆற்றோடு கடலோரம் உப்புத் தண்ணீர் கலக்கிற சுண்டிக்குளம் களப்புக்கு இறங்கத்தான். குஞ்சுக்குக் கடல் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பாவது வேண்டும், நாலைந்து கிழமை அதில் கிடந்து இறால் உருவத்துக்கு வந்த பிறகுதான் நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளும். குளங்களுக்கு ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கி விடுவது சும்மா இல்லை.

முள்ளியவளையான்:
நான் இருப்பது ஸ்வீடனில். ஒரு கோடைக்குச் சிங்கிறால் பண்ணையில் வேலை செய்தேன், நம் ஊர்க் கடல் சிங்கிறால் இல்லை, நன்னீரில் வாழ்கிற சின்னது, ஆங்கிலத்தில் crayfish. ஒரு பெட்டையைத் திருப்பிக் காட்டினார் முதலாளி. வாலுக்கடியில் குஞ்சுகள் தொங்குகின்றன, தாயின் உருவம் அப்படியே, கொடுக்குகூட இருக்கிறது! உப்பும் வேண்டாம், களப்பும் வேண்டாம். இலையுதிர் காலத்தில் போட்ட முட்டையைப் பனிக்கட்டிக்குக் கீழே குளிர்காலம் முழுக்கச் சுமந்திருக்கிறது. ஆனால் விற்கிற அளவுக்கு வர நாலைந்து வருடம், நம் இறால் ஆறு மாதத்தில் தட்டுக்கு வந்துவிடும். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன், "வரும்போது நாலு சோடி கொண்டு வாவன், நம் குளத்தில் விடுவோம்" என்கிறார்.

பழைய வாத்தி:
தம்பி, அம்மாவிடம் பகிடிக்கும் சரி என்று சொல்லாதே. நீ இருக்கிற நாட்டிலேயே 1907இல் சிங்கிறால் கொள்ளைநோய் வந்து அவர்களின் சொந்த இனம் குளம் குளமாகச் செத்தது. அதை ஈடுகட்ட 1960இல் அமெரிக்க இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அது நோயைச் சுமந்துகொண்டே சாகாமல் திரிகிற இனம், மிச்சமிருந்ததற்கும் ஆபத்து. அங்கே அந்தக் கேடு ஒரு ஏரியோடு போகலாம், இங்கே ஒரு குளத்து வான் அடுத்த குளத்துக்குள் விழுகிறது. வெயிலில் சாகும் என்று சிலர் சொல்லலாம். சாகாவிட்டால்?

முள்ளியவளையான்:
ஐயா, நான் கொண்டு வருகிறேன் என்று எங்கே சொன்னேன்? முதல் நாள் வேறு ஏரியில் தூண்டில் போட்ட சப்பாத்தோடு போனேன் என்று முதலாளி என்னைக் குளத்துக்குள் இறங்கவே விடவில்லை. காயவைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். அன்று கோபம், காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

பனங்கூடல்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குளம் வெட்டி இறால் விடுகிறவர்கள் முதலில் அடியைக் காயவைத்துச் சுண்ணாம்பு போடுங்கள். ஓலையும் உடைந்த ஓடும் போட்டு வையுங்கள், தோல் கழற்றிய இறால் மெத்தென்று இருக்கும், ஒளிய இடமில்லாவிட்டால் மற்றது தின்றுவிடும். விராலை உள்ளே விடாதீர்கள். மூட்டமான நாளில் தீனியைக் குறையுங்கள், விடியப் புறம்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு, பம்ப் இருந்தால் அந்த நேரம் தண்ணீரை மேலே சீறவிடுங்கள். நான் அன்று நித்திரை கொண்டுவிட்டேன். எழும்பிப் போனால் கரை முழுக்க நீலக் கொடுக்கு, பாதி தண்ணீரிலும் பாதி சேற்றிலும்.

வான்கரை:
எல்லாம் சரி, ஆனையிறவு உப்பைக் கரைத்தால் போதுமா, களப்புத் தண்ணீரே வேண்டுமா? தண்ணீர் அள்ளப் பரல் நாலு இருக்கிறது, ஏற்றி வர லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் நிற்கிறது.

துருசடி:
வெறும் கறியுப்பு போதாது, கடல் தண்ணீரே வேண்டும். மாரியில் களப்புத் தண்ணீர் சப்பென்று இருக்கும் அண்ணை, கடலில் அள்ளிக் கிணற்றுத் தண்ணீர் கலந்து பாருங்கள். முதலில் தொட்டியைக் கழுவுங்கள்.