பஸ் நேரத் தளத்தில் திடீர்க் கூட்டம்: வருவது ஆட்களா, பாட்களா?

சாரல்காற்று:
வணக்கம். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் ஓடும் பஸ்களின் நேரத்தைத் தொகுத்து ஒரு சின்னத் தளம் நடத்துகிறேன். வேர்ட்பிரஸ், ஷேர்டு ஹோஸ்டிங். விளம்பரம் கிடையாது. "எங்கிருந்து, எங்கே" என்று இரண்டு ஊரைத் தேர்ந்தால் பஸ் பட்டியல் வரும். அவ்வளவுதான் தளம்.

போன வாரம் ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து மெயில்: சிபியு வரம்பைத் தாண்டுகிறீர்களாம், பெரிய பிளானுக்கு மாற வேண்டுமாம். பேனலில் உள்ள ஆவ்ஸ்டாட்ஸைப் பார்த்தால் கூட்டம் அள்ளுகிறது. கூகுள் அனலிடிக்ஸிலோ வழக்கம்போல நூற்றுச் சொச்சம் பேர்தான். இத்தனைக்கும் இது குற்றால சீசன்கூட இல்லை. எந்தக் கணக்கை நம்புவது? வருகிறவர்களில் யார் மனிதர்கள், எது பாட் (தானாகவே பக்கங்களைத் திறந்து அள்ளும் மென்பொருள்) என்று எப்படிப் பிரிப்பது?

கேப்ச்சா போடு என்கிறான் நண்பன். எனக்கு மனமில்லை. பஸ் ஸ்டாண்டில் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் போனைப் பார்ப்பவர்களிடம் போய் "டிராபிக் சிக்னல் உள்ள கட்டங்களைத் தொடு" என்று கேட்பதா?

மின்னல்வேகம்:
தளத்துக்கு முன்னால் நின்று வருகிறவர்களை வடிகட்டும் கிளவுட்ஃப்ளேர் சேவையின் இலவச பிளானில் சேருங்கள். பாட் ஃபைட் மோடு என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். வேலை முடிந்தது.

பழைய அட்மின்:
தம்பி, இரண்டு கணக்கும் உண்மைதான். பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் அனலிடிக்ஸ் எண்ணும். பெரும்பாலான பாட்கள் அதை ஓட்டுவதே இல்லை. ஆட்பிளாக்கர் வைத்திருக்கும் மனிதர்களும் அதில் விழ மாட்டார்கள், அதனால் நிஜ எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆவ்ஸ்டாட்ஸ் படிப்பது சர்வர் லாகை. யார் எதைக் கேட்டாலும் அதில் ஒரு வரி விழும். தனக்குத் தெரிந்த பாட்களை அது ஒதுக்கிவிடும், ஆனால் குரோம் என்று பெயர் சொல்லி வருபவனை மனிதன் என்றே எண்ணிக்கொள்ளும்.

உங்கள் ஹோஸ்டிங் பேனல் சிபேனல் என்றால் "ரா ஆக்சஸ்" என்ற இடத்தில் லாக் கோப்பு கிடைக்கும். இறக்கிக்கொண்டு உட்காருங்கள்.

யூசர் ஏஜென்ட் வரியை மட்டும் நம்பாதீர்கள். அது வந்தவன் தானே சொல்லிக்கொள்ளும் பெயர், யாரும் எதையும் எழுதலாம். கூகுள்பாட் (கூகுள் தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்க வரும் பாட்) என்று வருபவனைச் சோதிக்க வழி உண்டு. வந்த இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை வைத்து ரிவர்ஸ் டிஎன்எஸ் பாருங்கள், அதாவது அந்த எண்ணுக்குப் பதிந்துள்ள பெயரைத் தேடுங்கள், 'கூகுள்பாட் டாட் காம்' என்று முடியும் பெயர் வர வேண்டும். அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஐபி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த ரிவர்ஸ் பதிவை எழுதுகிறார், அதனால் போலியும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கிடைத்த பெயரைத் திருப்பித் தேடி, அதே ஐபி வருகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவது பதிவு கூகுள் கையில் மட்டுமே இருப்பதால் இங்கே ஏமாற்ற முடியாது.

மற்றவர்களை நடத்தையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மனிதனின் பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறந்தால் பின்னாலேயே சிஎஸ்எஸ், படம், ஃபான்ட் எல்லாவற்றையும் கேட்கும். பாட் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். மனிதர்கள் கூகுள் தேடலிலிருந்தோ வாட்ஸ்அப் லிங்கிலிருந்தோ நேராகத் தனக்கு வேண்டிய ஊரில் வந்து இறங்குவார்கள். மணிக்கணக்கையும் பாருங்கள்: உங்கள் தளத்துக்குக் காலை முதல் பஸ் நேரத்திலும் சாயங்காலமும் ஆள் வரணும். ராத்திரி இரண்டு மணிக்கும் லாகில் அதே அளவு வரிகள் விழுந்தால் அது நம் ஊர்க் கூட்டம் இல்லை.

ஐபியைத் தடுப்பதில் மட்டும் நிதானம் வேண்டும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்கள் இருக்கும். ஒருவனை அடிக்கப் போய் ஒரு தெருவையே வெளியே தள்ளிவிடுவீர்கள். பாட்காரர்களோ இப்போது வீட்டு இணைப்புகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புது ஐபியில் வருகிறார்கள்.

செவிவழி:
கேப்ச்சா பற்றி ஒரு வார்த்தை. எனக்குப் பார்வை இல்லை, ஸ்கிரீன் ரீடரில்தான் படிக்கிறேன். ஒலி கேப்ச்சா என்று ஒன்று தருவார்கள்: இரைச்சலுக்கு நடுவே ஆங்கிலத்தில் யாரோ முணுமுணுப்பார். அதைக் கேட்கும்போது என் போனே எனக்குக் குறுக்கே பேசிக்கொண்டிருக்கும். இவ்வளவும் எதற்கு? 2024இல் சூரிச் ஈடிஎச் ஆய்வாளர்கள் ரீகேப்ச்சா இரண்டாம் பதிப்பின் படப் புதிர்களை மென்பொருளால் நூற்றுக்கு நூறு தீர்த்துக் காட்டிவிட்டார்கள். பாட் உள்ளே போகிறது, நான் வாசலில் நிற்கிறேன். சாரல்காற்று, உங்கள் மனம் சொன்னதுதான் சரி.

சாரல்காற்று:
லாகை இறக்கிப் பார்த்தேன் அண்ணா. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "செங்கோட்டையிலிருந்து செங்கோட்டைக்கு" பஸ் தேடியிருக்கிறார்கள்! "புளியரை முதல் புளியரை" வேறு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு ஊரோடும் கோர்த்து, அப்புறம் நேர வரிசை, கட்டண வரிசை என்று அதையே திரும்பவும். சிலது ஜிபிடிபாட், பைட்ஸ்பைடர் (டிக்டாக்கின் பைட்டான்ஸ் கம்பெனி பாட்) என்று பெயர் சொல்லி வருகின்றன. நிறைய வரிகளில் விண்டோஸ் 7, மிகப் பழைய குரோம். எதுவும் படமோ சிஎஸ்எஸ்ஸோ கேட்கவில்லை. கூகுள்பாட் என்று வந்ததில் ஒன்று சோதனையில் தேறவில்லை.

ஒரு சந்தேகம். 'சாட்ஜிபிடி-யூசர்' என்றும் சில வரிகள் உள்ளன. அதையும் தடுப்பதா?

பழைய அட்மின்:
அதை விட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் சாட்ஜிபிடியிடம் "சாயங்காலம் தென்காசிக்குப் பஸ் உண்டா" என்று கேட்டதால் அது வந்திருக்கும். பயிற்சிக்காகப் பக்கங்களை அள்ளுவது ஜிபிடிபாட், அது தனி. வாட்ஸ்அப் என்ற பெயரிலும் வரிகள் இருக்கும், உங்கள் லிங்கை ஒருவர் அனுப்பும்போது முன்னோட்டப் படம் எடுக்க வருவது அது. தடுத்தால் குரூப்பில் உங்கள் லிங்க் மொட்டையாகத் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். வருகிறவன் ஆளா பாட்டா என்று ஒவ்வொருவராகத் தீர்ப்புச் சொல்ல உங்களால் முடியாது, பெரிய கம்பெனிகளே திணறுகின்றன. சிபியுவைத் தின்பது எது என்று மட்டும் பாருங்கள். உங்களுக்கு அது தேடல் பக்கம்.

இரண்டு ஊரும் ஒன்றாக இருந்தால் டேட்டாபேஸைத் தொடாமல் அங்கேயே திருப்பி அனுப்புங்கள். நேர வரிசை, கட்டண வரிசை இரண்டையும் லிங்காக வைக்காமல் பக்கத்துக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டில் மாற்றுங்கள், பாட் பின்தொடர லிங்கே இருக்காது. பஸ் நேரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறப் போவதில்லை. அதனால் ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து அதையே திரும்பக் கொடுக்கும் கேச் பிளகின் போட்டு ஒரு நாள் வரை வைத்திருக்கலாம். அது கேள்விக்குறி உள்ள முகவரிகளையும் (உங்கள் தேடல் பக்கங்கள் அப்படி இருக்கலாம்) கேச் செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல பிளகின்கள் அவற்றை விட்டுவிடும். எந்தப் பக்கங்களைத் தொடக் கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தேடல் முகவரிகளைத் தடை செய்யுங்கள். 1994 முதல் இருக்கும் ஏற்பாடு அது, மதிப்பவன் மதிப்பான், மற்றவனைக் கட்டுப்படுத்தாது. மிச்சமிருக்கும் முரடர்களுக்கு வேகக் கட்டுப்பாடு: ஒரே முகவரி தேடல் பக்கத்தை அடித்துக்கொண்டே இருந்தால் 429, அதாவது "அளவுக்கு மீறிக் கேட்கிறாய்" என்ற பதில். தளத்துக்கு மொத்தமாக வேண்டாம், அந்தப் பக்கத்துக்கு மட்டும்.

மின்னல்வேகம் சொன்ன கிளவுட்ஃப்ளேரும் நல்ல வழிதான், ஆனால் அதை முதலிலேயே ஆன் செய்திருந்தால் செங்கோட்டை டு செங்கோட்டை பஸ் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. இதெல்லாம் செய்த பிறகும் மெயில் வந்தால் அதைப் போடுங்கள். பெரிய பிளானுக்கு இப்போது காசு கட்டாதீர்கள்.