44 முகவரிக்கு (அமெச்சூர் வானொலிக்காரருக்கான, 44 இல் தொடங்கும் இணைய முகவரி) வீட்டில் கேட்வே (அதை இணையத்தோடு இணைக்கும் பெட்டி) வைத்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

மாங்குளம் ஏரியல்:
டனல், அதாவது 44 பக்கெற்றை (தரவுத் துண்டை) சாதாரண இணையப் பக்கெற்றுக்குள் வைத்து அனுப்பும் வழி, கட்டுவது எப்படி என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை எழுதவில்லை. என் மண்டையைக் குடைவது வேறு. 44 இல் இருந்து போகிற பக்கெற்றுக்குப் பதில் வருவதில்லை என்று இணைப்புத் தந்த கொம்பனிக்கு அறிவித்திருந்தேன். வந்த தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே றவுட்டருக்கு முன்னால் குந்தினார், திரையில் 44 ஐக் கண்டதும் போனில் எதையோ தேடினார். "அண்ணை, இது அமேசானின்ர முகவரியெல்லே, நீங்கள் எப்படிப் பாவிக்கிறீங்கள்?" களவு பிடித்தவரின் குரல். 1981 இலேயே 44 இல் தொடங்கும் முகவரி முழுவதும் அமெச்சூர் வானொலிக்காரருக்கு ஒதுக்கப்பட்டது என்றேன், 4எஸ்7 என்று தொடங்கும் என் இலங்கை அமெச்சூர் அனுமதிப் பத்திரத்தையும் நீட்டினேன். பத்திரத்தை அவர் பார்க்கவே இல்லை, திரும்பவும் போனைத்தான் காட்டினார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். என்ன எழுதினார்?

முள்ளியவளை 2 மீற்றர்:
அந்தப் பிள்ளையை ஏன் குறை சொல்கிறீர்கள்? 44.192 இல் தொடங்கும் கால்வாசியை, நாற்பது லட்சத்துக்கு மேலான முகவரிகளை, 2019 இல் அமேசானுக்கு விற்றது 44 ஐப் பராமரிக்கும் எங்கள் அமைப்பு ஏஆர்டிசி தானே. தேடினால் அதுதான் முதலில் வரும். மற்றது, 44 ஐ மூல முகவரியாக (அனுப்புபவரின் முகவரியாக) வைத்து நேரே வெளியே விட்டால் கொம்பனி வெட்டத்தான் செய்யும், தன்னுடையது இல்லாத முகவரியை எவன் விடுவான்?

எனக்கு அந்தக் கட்டமே வரவில்லை. இங்கே 4ஜி மட்டும்தான். றவுட்டரில் வெளிமுகவரி 100.72 என்று நிற்கிறது, அதாவது சீஜிநாட்டுக்கு (பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் கொம்பனி ஏற்பாட்டுக்கு) பின்னால் ஊரோடு சேர்ந்து இருக்கிறேன். பொது முகவரி ஒன்று தரச் சொல்லி போன் எடுத்தேன். "இன்ரநெற் வேலை செய்யுதா ஐயா?" "செய்யுது." "அப்ப என்ன பிரச்சினை ஐயா?" அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

செட்டிகுளம்காரன்:
என் கதை சின்னது. டனல் பாவிக்கும் ஐபிஐபியை, அதாவது புரோட்டோகோல் 4 ஐ, விட வேண்டும் என்று றவுட்டர் விற்ற கடைக்காரரிடம் சொன்னேன். அவர் போர்ட் 4 ஐ டிசிபிக்கும் யுடிபிக்கும் திறந்துவிட்டு, "இப்ப பறக்கும் பாருங்கோ" என்றார். பறக்கவில்லை.

ஐபிஐபிக்கு போர்ட் என்று ஒன்றே கிடையாது. ஆகவே போர்ட் திறக்கிற சோலியை விட்டுவிட்டு, றவுட்டரை பிரிட்ஜில் (வந்ததை அப்படியே கடத்தும் முறையில்) போடுங்கள், அல்லது ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியை டிஎம்செட்டில் (வெளியிலிருந்து வருவதெல்லாம் நேரே போகும் இடத்தில்) வையுங்கள். சில மலிவுப் பெட்டிகள் டிஎம்செட்டிலும் டிசிபி, யுடிபி தவிர எதையும் விடாது, அதற்கு மருந்தில்லை, பெட்டியை மாற்றுங்கள். 44 க்குத் தனி ரூட்டிங் அட்டவணை வையுங்கள், இல்லாவிட்டால் பதில் வேறு வாசலால் போகும். எம்டியு (ஒரு பக்கெற்றின் உச்ச அளவு) 1480. இதை விட்டால் பிங் போகும், பக்கம் திறக்காது, ஆள் விசராகிவிடும். ஏம்பிஆர் டொட் ஓஆர்ஜி என்ற எங்கள் பெயர்ப் பட்டியலில் பெயர் பதியாத முகவரிக்கு, கலிபோர்னியாவில் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் இருக்கிற பொதுக் கேட்வே வெளியிலிருந்து வருவதை விடாது, இதையும் பாருங்கள் மாங்குளம் அண்ணை. ஃபயர்வால் முதலே போடுங்கள். வீட்டு றவுட்டரின் முகவரி மாற்றத்துக்கு (NAT) பின்னால் ஒளிந்து பழகியவர்களுக்கு விளங்காது, 44 முகவரி உலகத்துக்கே திறந்த முகவரி, டனல் எழும்பின கையோடு கதவு தட்டத் தொடங்குவார்கள். வானொலி அலைவரிசையில் விடப்போகிறீர்கள் என்றால் மறையாக்கம் கூடாது, மறையாக்கம் செய்கிற எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் எல்லாம் வயரோடு நிற்கட்டும்.

மாங்குளம் ஏரியல்:
நான் அறிவுரை கேட்கவில்லை தம்பி. தனி அட்டவணை முதல் நாளே போட்டாயிற்று, டனலுக்குள்தான் விட்டேன், முள்ளியவளையும் கவனிக்க. ஆனால் பெயர் பதிகிற விசயம், சரி, பார்க்கிறேன்.

புதுக்குடியிருப்பு இரவுப்பறவை:
உங்களுக்கு வந்தது கொம்பனிக்காரர். எனக்கு வந்தவர் சிவில் உடுப்பில். ஏரியல் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், உள்ளே வந்தார், பக்கெற்றுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப் ஓடிக்கொண்டிருந்தது. சில நிமிடத்துக்கு ஒருக்கால் ரிப் அறிவிப்பு (எந்த 44 முகவரிக்கு எந்தக் கேட்வே என்ற பட்டியல்) வந்து விழும்போது திரை நிரம்பி ஓடுமே, சரியாக அந்த நேரம். "இது எந்த நாட்டோட கதைக்குது?" கலிபோர்னியா, பல்கலைக்கழகம் என்றேன். அவர் முகம் போன போக்கு! அனுமதிப் பத்திரத்தின் இலக்கத்தை எழுதிக்கொண்டு மரியாதையாகத்தான் போனார். அப்பா ஒன்றும் பேசவில்லை, ரோர்ச் பற்றரியே தடைப்பொருளாக இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்ட மனிசன். அடுத்த நாள் கம்பத்தைக் கொஞ்சம் பதித்துக் கட்டு என்றார்.

முள்ளியவளை 2 மீற்றர்:
கலிபோர்னியாவோடு கதைக்கிறது என்று ஏன் சொன்னீர்கள்? ரிப் பட்டியல் மட்டும்தான் அங்கிருந்து வருவது. 44 இலிருந்து 44 க்கு, இரண்டு பக்கமும் கேட்வே இருந்தால், நேரே போகும்.

புதுக்குடியிருப்பு இரவுப்பறவை:
அதை அவருக்கு விளங்கப்படுத்த நீங்கள் வந்திருக்கலாம். அதோடு என் யாழ்ப்பாணத்துக் கூட்டாளிக்கு 44 இல்லை, சாதாரண இணைப்பு. இங்கேயிருந்து அவன் வீட்டுக்குப் போகிற பக்கெற் சான் டியேகோவுக்குப் போய்த்தான் பரந்தன் தாண்டுகிறது, பிங் அரை விநாடி. பஸ்ஸில் போனாலும் வழியில் தேத்தண்ணியாவது கிடைக்கும்.