கடலோரத்தில் கைத்துப்பாக்கி பராமரிப்பு: துலக்கவும் எண்ணெய் இடவும் எவற்றை வாங்குவது?

கேள்வி: மண்டபம் வாசி

அனைவருக்கும் வணக்கம். முறையான உரிமத்துடன் 0.32 அங்குல ரிவால்வர் ஒன்றை வைத்திருக்கிறேன். பணிக்காலம் முழுவதும் கோயம்புத்தூரில் வசித்தபோது, சில மாதங்களுக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதே போதுமானதாக இருந்தது. ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான மண்டபத்துக்குத் திரும்பிய பிறகு அந்த வழக்கம் உதவவில்லை. ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல் என்பதால், வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு ஈரம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அண்மையில் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தபோது, பிடியின் மரம் இரும்புச் சட்டத்தோடு சேரும் விளிம்பிலும், தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டரின் வெளிப்பள்ளங்களிலும் காப்பித்தூள் நிறத்தில் மெல்லிய துரு தென்பட்டது. குழலின் உட்புறம் இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது.

உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் விசாரித்தேன். பல அளவு பிரஷ்கள், மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் கம்பி, மூன்று வகைத் திரவங்கள் கொண்ட ஒரு பெட்டியைக் காட்டினார்கள்; அதில் பாதிப் பொருள்கள் 12 போர் எனப்படும், தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கிக்கானவை. நான் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பயிற்சிக்காகச் சுடுகிறேன். எனக்கு உண்மையிலேயே தேவையானவை எவை? தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், டபிள்யூ.டி.-40 என்ற பீய்ச்சும் திரவம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதுமா?

பதில்: கீழக்கரை தென்கடல்

வணக்கம் ஐயா. விசைப்படகுகளுக்கும் வல்லங்களுக்கும் என்ஜின் வேலை பார்ப்பவன் நான். என்னிடமும் உரிமத்துடன் ஒரு கைத்துப்பாக்கி உள்ளது. நீங்கள் குறிப்பிட்ட இடங்களைப் பார்த்தால், உங்கள் சிக்கல் வெடிமருந்துக் கரி அன்று, உப்பு என்பது தெளிவாகத் தெரிகிறது. கடைகளில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் கரியை நீக்குவதற்காகவே அமைக்கப்பட்டவை. உப்பு எண்ணெயில் கரையாது. உப்புப் படிந்த இரும்பின் மேல் எவ்வளவு உயர்ந்த எண்ணெயைப் பூசினாலும், அந்த உப்பு எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் இருந்துகொண்டு காற்றின் ஈரத்தை இழுத்துத் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கடலுக்குப் போய் வந்த படகின் வெளிப்புறத்தில் பொருத்தும் என்ஜினை நல்ல தண்ணீர் விட்டு ஓடவிட்ட பிறகே நாங்கள் எண்ணெய் அடிப்பதும் இதனால்தான்.

எனவே முதலில் வாங்க வேண்டியது ஒரு பாட்டில் பேட்டரி தண்ணீர், அதாவது உப்பு நீக்கிய தண்ணீர். நம் கடலோரத்தில் பல இடங்களில் கிணற்று நீரும் போர் தண்ணீரும் உவர்ப்பாக இருப்பதால், அவற்றைப் பயன்படுத்தினால் உப்பைத் துடைத்துவிட்டு உப்பையே பூசியது போலாகிவிடும். மென்மையான பருத்தித் துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, வெளிப்பரப்பு முழுவதையும் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர விடுங்கள். நீங்கள் கேட்ட டபிள்யூ.டி.-40 பயன்படும் இடம் இதுதான். 1953இல் அது உருவாக்கப்பட்டதே உலோகத்தின் மேலுள்ள ஈரத்தை விரட்டுவதற்காக. அதிலுள்ள கரைப்பான் ஆவியான பின் மிஞ்சும் படலம் மிக மெல்லியது என்பதால், இந்தக் கடற்காற்றில் அதையே காவலாக நம்பி மாதக்கணக்கில் வைத்துவிட முடியாது.

பிடியின் மரப்பலகையைத் திருகாணி கழற்றி எடுத்துப் பாருங்கள். திருப்புளியின் முனை திருகாணிப் பள்ளத்தில் சரியாகப் பொருந்த வேண்டும். இல்லையெனில் பள்ளம் சிதைந்துவிடும். கையில் வடிந்த வியர்வையும் காற்றின் உப்பும் ஒன்றாகத் தேங்கும் இடம் அந்தப் பலகையின் அடிப்பக்கம்தான். மரமும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலோட்டமான துருவை எண்ணெய் தோய்ந்த துணியால் பொறுமையாகத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். உப்புத்தாளையோ, துருவைக் கரைக்கும் அமிலத் திரவங்களையோ அருகில் கொண்டு போகாதீர்கள். இரும்பின் மேலுள்ள நீலக்கருமைப் பூச்சும் ஒரு வகை இரும்பு ஆக்சைடே என்பதால், துருவை அரிக்கும் திரவம் அந்தப் பூச்சையும் சேர்த்து அரித்துவிடும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, துலக்குதல், உராய்வு குறைத்தல், துருவிலிருந்து காத்தல் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் செய்யும் சி.எல்.பி. வகை எண்ணெய் ஒரு சிறு பாட்டில் உங்களுக்கு நெடுநாள் வரும். பாட்டிலின் மேல் எம்.ஐ.எல்.-பி.ஆர்.எஃப்.-63460 என்ற அமெரிக்க ராணுவத் தரக்குறியீடு இருந்தால் நம்பி வாங்கலாம். 1904 முதல் ஜெர்மனியில் தயாராகும் பாலிஸ்டால் கிடைத்தாலும் நல்லதே. நீருடன் கலந்து பால் போலாகும் தன்மையும் சற்றே காரத்தன்மையும் உடையது என்பதால் வியர்வைப் படிவுக்கு ஏற்றது. தையல் மெஷின் எண்ணெய் அசையும் பாகங்களுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் துருத்தடுப்புச் சேர்மானம் இல்லாத சாதாரண எண்ணெய் என்றால் மண்டபத்து வாடைக்கு அது போதாது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு அமிலம் பித்தளையையும் செம்பையும் பச்சை பிடிக்கச் செய்யும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும்.

குழலுக்கு 0.32 அளவுள்ள பாஸ்பர் வெண்கலப் பிரஷ் ஒன்று, துணித்துண்டைப் பிடிக்கும் முனை ஒன்று, துண்டுகள் இல்லாத ஒரே நீளமான, மேலுறையிட்ட கம்பி ஒன்று, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் ஆகியவை போதும். எஃகுப் பிரஷ் வேண்டாம். செம்புப் படிவை நீக்கும் அம்மோனியா கலந்த திரவமும் நீங்கள் சுடும் அளவுக்குத் தேவைப்படாது. உங்கள் துப்பாக்கி நிக்கல் பூச்சுடையது என்றால் அது தீங்கும் செய்யும்.

பதில்: தொண்டி முன்னாள் படைவீரர்

மேலே எழுதிய தம்பி சரியாகவே சொல்லியிருக்கிறார். துப்பாக்கியில் தண்ணீர் படலாமா என்று யாரேனும் தயங்கினால், பழைய .303 ரைபிள்களின் வழக்கத்தை நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் காலத் தோட்டாக்களின் எரிமுனையில், அதாவது தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் பகுதியில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது குழலில் குளோரைடு உப்பாகப் படியும். அதைக் கழுவ, புனல் வைத்துக் கொதிநீரைக் குழல் வழியே ஊற்றிய பிறகுதான் ‘சிந்தி’ எனப்படும் துணித்துண்டில் எண்ணெய் தோய்த்து இழுப்பார்கள். கடற்காற்று கொண்டு வருவதும் குளோரைடு உப்பே.

ஆனால் ஒரு செய்தியை அவர் விட்டுவிட்டார். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை ரிவால்வர் என்றால், குழலைப் பின்பக்கமிருந்து கம்பியால் துலக்க வழியில்லை. சட்டம் குறுக்கே நிற்கும். குழல்முனை வழியாகத்தான் கம்பியை நுழைக்க வேண்டும் என்பதால், அது முனையின் விளிம்பில் உரசி உரசித் தேய்மானம் உண்டாக்கும். விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குறி தவறும். அதனால் கம்பியை விட, ஒரு முனையில் பித்தளை எடை கட்டிய இழுகயிறு மேலானது என்பது என் கருத்து. சிலிண்டரைத் திறந்து, எடையைப் பின்பக்கமிருந்து குழலுக்குள் இறக்கி, முனை வழியாக நேராக வெளியே இழுக்கலாம். கயிற்றை அவ்வப்போது சோப்பு நீரில் அலசி உலர்த்துங்கள். அழுக்குக் கயிறு துலக்குவதை விட அரைக்கவே செய்யும்.

எண்ணெயில் தாராளம் காட்ட வேண்டாம். கடற்கரையில் காற்றோடு வரும் பொடிமணல் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு சாந்தாகி, உராயும் பரப்புகளைத் தின்றுவிடும். சிலிண்டர் சுழலும் அச்சில் ஒரு துளி, வெறுந்தோட்டாவைத் தள்ளும் தண்டில் ஒரு துளி, சுத்தியும் விசையும் சட்டத்தில் நுழையும் இடங்களில் கால் துளி போதும். பீய்ச்சும் டப்பாவுக்குப் பதிலாக, ஊசிமுனை கொண்ட சிறு குப்பியை வாங்குங்கள். தோட்டா அறைகளிலும் குழலிலும் சேமிப்புக்காகப் பூசிய எண்ணெயைச் சுடுவதற்கு முன் துடைத்துவிட வேண்டும். தோட்டாவின் மேல் எண்ணெய் படவே கூடாது. எரிமுனை வழியாக உள்ளே கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

வேலையைத் தொடங்கும்முன் தோட்டாக்கள் அனைத்தையும் எடுத்து வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். முடித்தவுடன் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கரியில் ஈயம் உண்டு.

மண்டபம் வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. துப்பாக்கியை இதுவரை தோல் உறையிலேயே வைத்துப் பீரோவில் பூட்டி வந்தேன். அது சரிதானா? தேர்தல் அறிவிக்கப்பட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். வாரக்கணக்கில் கைக்கு எட்டாமல் இருக்கும்போது என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: கீழக்கரை தென்கடல்

தோல் உறை கொண்டு செல்வதற்கு மட்டுமே; சேமிப்புக்கு ஆகாது. தோல் பதனிடப் பயன்படும் உப்பும் அமிலமும் அதில் தங்கியிருக்கும். ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே பஞ்சுநுரை வைத்த அழகுப் பெட்டிகளும் அப்படித்தான். ரப்பர் விளிம்புடன் இறுக மூடும் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். நாள்தோறும் திறந்து மூடும் பீரோவில் சிலிக்கா ஜெல்லை வெறுமனே போட்டால், விரைவில் அது ஈரம் குடித்து வீணாகிவிடும். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்பது தெரியும். இயந்திர உதிரிப் பாகங்களைச் சுற்றி வரும் வி.சி.ஐ. தாள் கிடைத்தால், ஒரு துண்டைத் துப்பாக்கியைச் சுற்றி வையுங்கள். அதிலிருந்து வெளிப்படும் ஆவி உலோகத்தின் மேல் படிந்து துருவைத் தடுக்கும்.

ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் பேட்டரி தண்ணீர்த் துடைப்பை முடித்து, நன்கு உலர்த்தி, வழக்கத்தை விடச் சற்றுக் கூடுதலாக எண்ணெய்ப் படலம் விட்டு, வி.சி.ஐ. தாளில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணையும் அதன் நிலையையும் குறிப்பிடும்படி கேளுங்கள். திரும்பக் கிடைத்த அன்றே பிடிப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். துரு குழிக்குழியாக இறங்கியிருந்தால் நீங்களாகச் சுரண்ட வேண்டாம்; பழுதுபார்க்க உரிமம் உள்ளவரிடம் மட்டுமே கொடுங்கள்.