மறு: "கேக்மேன்"க்கு தமிழ்ல என்ன போடலாம்? வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது

திருச்சி தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை எங்க காலேஜ்ல அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனோட "தி ஜெனரல்" (1926) திரையிடுறோம், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல நடக்கிற ரயில் துரத்தல் கதை, கூடவே எட்டு பக்கத்துல ஒரு கையேடு, அதுல படத்துல வேலை செஞ்சவங்க பட்டியல் முழுக்க தமிழ்ல இருக்கணும்னு சார் சொல்லிட்டார். இயக்கம் கீட்டனும் கிளைட் ப்ரக்மனும், ஒளிப்பதிவு டெவ் ஜென்னிங்ஸ், பெர்ட் ஹெய்ன்ஸ், தயாரிப்பு ஜோசப் ஷெங்க், கதாநாயகி மரியன் மேக். இதுவரைக்கும் சிக்கல் இல்ல. ப்ரக்மன், அல் போஸ்பெர்க் மாதிரி ஆளுங்களை "கேக்மேன்"னு சொல்றாங்களே, அதாவது படத்துக்கு சிரிப்புக் காட்சிகளை யோசிச்சுக் கொடுக்கிறவங்க, அங்கதான் மாட்டிக்கிட்டேன். அப்படியே எழுதினா கேக் விக்கிறவர்னு படிக்கிறாங்க. ப்ரூஃப் பாத்த நண்பன் அப்படித்தான் படிச்சான். "நகைச்சுவை எழுத்தாளர்"னு போட்டுடலாமா?

சென்னை அக்கா எழுதியது:

தம்பி, எழுத்தாளர் வேணாம்ப்பா. அது பேசாத படம், வசனம்னு நடுநடுவுல வர்ற எழுத்து அட்டைதான். இவங்க வேலை ஒரு ரூம்ல உக்காந்து "எஞ்சின் இங்க வருது, இவன் அங்க நிக்கிறான், அடுத்து என்ன ஆகும்"னு யோசிக்கிறது. யோசனை வரலைன்னா கீட்டன் எல்லாரையும் கூட்டிட்டு பேஸ்பால் ஆடப் போயிடுவாராம், ஆட்டத்துக்கு நடுவுல யாருக்காவது பொறி தட்டும். பேனா புடிச்சவங்கன்னு சொல்றது அந்த வேலையையே மறைச்சிடும். நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு "காமெடி பிட்". பிட்டு யோசிக்கிறவர்னு போடு, படிக்கிற பசங்களுக்குப் புரியும்.

பாளையங்கோட்டை ஐயா எழுதியது:

அன்புள்ள தம்பிக்கும் அம்மாவுக்கும்,

காமெடியும் ஆங்கிலம், பிட்டும் ஆங்கிலம், அப்புறம் தமிழ்ச்சொல் தேடுற இந்தக் குழு எதுக்கு? உணர்ச்சி வெளிப்பாட்டைப் பத்தின மெய்ப்பாட்டியல்ல, நகை எதெதுல பிறக்கும்னு தொல்காப்பியர் தெளிவா வச்சிருக்கார்: "எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான்கு என்ப". நகை நம்ம சொல், அதை விடக்கூடாது. "நகைஞர்" என் பரிந்துரை. கவிஞர், கலைஞர் மாதிரி இயல்பா வரும்.

இன்னொண்ணும் சொல்லணும். கீட்டன் சிரிக்கவே மாட்டார், கல்முகம்னே அவருக்குப் பேர். மெய்ப்பாடுன்னா உடம்புல வெளிப்படணும், இங்க நடிகன் உடம்புல ஒண்ணுமே தெரியல, பாக்கிறவன் உடம்புலதான் நகை பிறக்குது. அப்போ மெய்ப்பாடு யாரோடது? இதைத் தனி இழையா பேசணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

மதுரை டீச்சர் எழுதியது:

ஐயா, உங்ககிட்ட மறுத்துப் பேச தயக்கமாத்தான் இருக்கு, ஆனா பதினோராம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட இப்பதான் கேட்டுட்டு வந்தேன். "நகைஞர்"னு போர்டுல எழுதி என்ன தொழில்னு கேட்டா முக்கால்வாசிப் பேர் நகைக்கடைன்னாங்க. கேக்னா பேக்கரி, நகைன்னா தங்கம். ரெண்டு பக்கமும் அடைபடுது.

"குறும்பு" எப்படி? சுத்தத் தமிழ், சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பாளையங்கோட்டை ஐயா எழுதியது:

குறும்பு நல்ல சொல்தான் அம்மா. ஆனா வள்ளுவர் "வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு"ன்னு சொன்ன இடத்துல குறும்புங்கிறது அரசனை அலைக்கழிக்கிற கொடியவங்க. அது போகட்டும், பொருள் மாறிடுச்சு. ஆளைச் சொல்ல "குறும்பர்"னு ஆக்கினா அது ஒரு மக்களோட பேர், அதை இங்க எடுத்துப் போடுறது முறையில்ல.

கோவை அண்ணன் எழுதியது:

நான் எடிட்டிங் டேபிள்ல இருக்கிறவன், இலக்கணம் அவ்வளவா வராது. "சேட்டை"ன்னு வைங்க. தண்டவாளத்துக்கு அடியில போடுற அந்த ஸ்லீப்பர் கட்டை சீனைப் பாருங்க. எஞ்சினுக்கு முன்னாடி மாட்டைத் தள்ளுற இரும்புச் சட்டத்துல கீட்டன் உக்காந்திருக்கார், மடியில ஒரு கட்டை, அவர் உயரத்துக்கு இருக்கு, தூக்கவே முடியல. முன்னாடி தண்டவாளத்துல குறுக்கா இன்னொரு கட்டை, எஞ்சின் போய்க்கிட்டே இருக்கு. மடியில இருக்கிறதைத் தூக்கி கீழ கிடக்கிற கட்டையோட முனையில போடுறார், ரெண்டும் ஒண்ணா எகிறி ஓரமா விழுது. குறி தப்பியிருந்தா எஞ்சின் தடம்புரண்டிருக்கும், அவர்தான் முதல்ல அடியில போயிருப்பார். உடம்புதான் அங்க வேலை செய்யுது. இதுக்கு சேட்டைங்கிற சொல்லை விட என்ன வேணும்?

பாளையங்கோட்டை ஐயா எழுதியது:

சேட்டை வடசொல் தம்பி. ஆனாலும் ஒரு உண்மையை ஒத்துக்கணும், வடமொழியில சேஷ்டைன்னா உடலசைவு, நீங்க சொல்ற இடத்துக்கு பொருள் அப்படியே பொருந்துது. ஆனா தமிழ்ல இன்னொரு சேட்டை உண்டு, ஜ்யேஷ்டைங்கிறதுல இருந்து வந்தது, மூதேவி. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில "சேட்டை தன் மடியகத்துச் செல்வம் பார்த்து இருக்கின்றீரே"ங்கிறார், செல்வத்தை மூதேவி மடியில தேடுறீங்களேன்னு. கோயில்கள்ல சேட்டைக்குச் சிலை உண்டு, பல இடத்துல பிரகாரத்துல ஒதுக்கி வச்சிருப்பாங்க, காக்கைக் கொடி…

திருச்சி தம்பி எழுதியது:

ஐயா மன்னிக்கணும், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிவாகணும்.

சென்னை அக்கா எழுதியது:

ராத்திரி முழுக்க இதே யோசனை. நானே முதல் மெயில்ல "பொறி தட்டும்"னு எழுதினேன், பொறியையே எடுத்துக்கிட்டா என்ன? பொறின்னா தீப்பொறி, எலிப்பொறி, எந்திரம், எல்லாமே. பீரங்கி சீன்ல இது மூணும் இருக்கு. எஞ்சினுக்குப் பின்னாடி பீரங்கியை இழுத்துட்டுப் போறார், திரியைப் பத்த வச்சுட்டு திரும்பி வரும்போது கால் இணைப்புல சிக்குது, இணைப்பு கழண்டு தரையில அடிபட அடிபட குழாய் மெல்ல இறங்கி நேரா அவரையே பாக்குது. கையில கிடைச்ச கட்டையை அதுமேல வீசிப் பாக்கிறார், ஒண்ணும் ஆகல. எஞ்சின் வளைவுல திரும்பின நேரம் வெடிக்குது, குண்டு அவரைத் தாண்டிப் போய் எதிரி ரயில் பக்கத்துல விழுது. இதை ஒருத்தர் எழுதல, கட்டியிருக்காங்க. "சிரிப்புப்பொறி"ன்னு வச்சா நகைக்கடைத் தொல்லையும் இல்ல. ஆள் "சிரிப்புப்பொறியாளர்". படத்துல கீட்டனே எஞ்சின் ஓட்டுறவர்தான், அந்தப் பொருத்தமும் கிடைக்குது.

கோவை அண்ணன் எழுதியது:

அக்கா, சொல் நல்லாருக்கு. ஆனா பொறியாளர்னு போட்டா ஃப்ரெட் கபூரியை எங்க வைப்பீங்க? படத்தோட டெக்னிகல் டைரக்டர் அவர்தான், நிஜமான பொறியாளர்னா அவரைத்தான் சொல்லணும். ஓரிகன்ல காட்டேஜ் க்ரோவ் பக்கம் ரோ ஆத்துமேல பாலம் கட்டி, நெருப்பு வச்சு, நிஜ எஞ்சினை அதுமேல ஓட விட்டு ஆத்துல விழ வச்சாங்க. அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர்னு சொல்வாங்க, மினியேச்சர் கிடையாது. பட்டியல்ல கபூரி பேர் சின்ன எழுத்துல ஒதுங்கிடக்கூடாதுன்னு எனக்கு உண்மையிலேயே கவலை.

மதுரை டீச்சர் எழுதியது:

இன்னொரு சந்தேகம். போஸ்பெர்க் பின்னாடி ரேடியோ நகைச்சுவைக்காரர் ஜாக் பென்னிக்கு எழுதினவர், முழுக்க வாய்ப்பேச்சு ஜோக். அவருக்கும் பொறின்னே சொல்றதா? பேசிச் சிரிக்க வைக்கிறதுக்கும் விழுந்து சிரிக்க வைக்கிறதுக்கும் இங்கிலீஷ்ல ஒரே சொல்லை வச்சிருக்காங்கன்னா நாமளும் ஒண்ணாத்தான் வைக்கணுமா?

சென்னை அக்கா எழுதியது:

டீச்சர், ஜோக்குக்கு நம்மகிட்ட "துணுக்கு" இருக்கு. இந்தப் படத்துக்கு பொறி. கபூரிக்காக "பொறியாளர்"ல இருந்து இறங்கி வர்றேன், "சிரிப்புப்பொறி அமைத்தவர்கள்"னு போடு தம்பி. கபூரி பேரை "பாலமும் அரங்கமும் கட்டியவர்"னு தனி வரியில, அதே அளவு எழுத்துல.

திருச்சி தம்பி எழுதியது:

அக்கா சொன்னதையே போட்டுட்டேன், நாலு பேர் சரின்னு தனியா மெயில் போட்டிருந்தீங்க, நன்றி. படத்துல ஓரிகன் தேசியக் காவல்படை ஆளுங்களே ரெண்டு பக்க ராணுவமாவும் வந்தாங்க, வடக்குப் படையா நீலச் சட்டையில ஒரு தடவை, தெற்குப் படையா சாம்பல் சட்டையில ஒரு தடவை. அவங்களுக்கும் ஒரு வரி சேத்திருக்கேன். பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு.

பாளையங்கோட்டை ஐயா எழுதியது:

அச்சானது அச்சாகட்டும், மகிழ்ச்சி. ஆனா "சிரிப்புப்பொறி"யில ரெண்டு பகரம் அடுத்தடுத்து வந்து நாக்கு தடுக்குது, வாய்விட்டு மூணு தடவை சொல்லிப் பாருங்க. "நகைப்பொறி" இதைவிட எளிது. பிள்ளைகளுக்கு நகைன்னா தங்கம்னு மட்டும் தெரியுதுன்னா அந்தச் சொல்லை நாம விட்டுட்டதாலதான். அடுத்த பதிப்புக்கு என் மறுப்பைக் குறிச்சு வையுங்க தம்பி. சேட்டைத் தேவியைப் பத்தி மிச்சத்தை நாளைக்கு எழுதுறேன்.